பெர்லின் சுவரைத் திறக்க உத்தரவு போட்டது யார்? வீட்டு அலமாரிகளில் கிடைத்த பதில்கள்

1961 ஆகஸ்ட் மாதம். பெர்லினின் ஃபிரெட்ரிக் தெருவில் 21 வயது கிழக்கு ஜெர்மன் சிப்பாய் ஒருவர், பெயின்ட்டும் பிரஷுமாக வந்து சாலையின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு போட்டார். கோட்டுக்கு இந்தப் பக்கம் கிழக்கு, அந்தப் பக்கம் மேற்கு. பின்னாளில் ‘செக்பாயின்ட் சார்லி’ என்று உலகமே தெரிந்துகொண்ட இடம் அது. கோடு போட்டவர் பெயர் ஹாகென் கோக்.

சுவர் விழுந்த பிறகு இதே கோக், தன் அடுக்குமாடி வீட்டிலேயே சுவருக்கென்று ஒரு காப்பகம் வைத்திருந்தார். வரைபடங்கள், புகைப்படங்கள், அரசுத் தாள்கள் என்று சேர்த்துக்கொண்டே போனார். ஆஸ்திரேலிய எழுத்தாளர் ஆனா ஃபண்டரின் ‘ஸ்டாசிலேண்ட்’ நூலில் அவரும் அவருடைய காப்பகமும் வருகின்றன.

அரசு ஆவணங்களைப் பத்திரப்படுத்துவதில் ஜெர்மானியர்களை மிஞ்ச ஆள் கிடையாது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு தனி மனிதர் வீட்டில் எதற்கு இப்படி ஒரு காப்பகம் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. 1989 நவம்பர் 9 இரவு எல்லைக் கதவைத் திறக்கச் சொல்லும் எழுத்துபூர்வமான உத்தரவு எதுவும் வாயில்களுக்குப் போகவில்லை. அன்றைக்கு என்ன நடந்தது என்று இன்று நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி, தனி மனிதர்கள் வைத்திருந்த தாள், டேப், நினைவு ஆகியவற்றிலிருந்து வந்ததுதான்.

முதலில், அது எப்படிப்பட்ட எல்லை?

பலரும் நினைப்பதுபோல் பெர்லின் சுவர் ஜெர்மனியை நடுவில் பிரித்த நேர்கோடு இல்லை. மேற்கு பெர்லின் என்பது கிழக்கு ஜெர்மனிக்குள் ஒரு தீவு. அந்தத் தீவைச் சுற்றி வளைத்துக் கட்டியதுதான் சுவர். மொத்த நீளம் சுமார் 155 கிலோமீட்டர். அதில் சுமார் 43 கிலோமீட்டர் நகரின் கிழக்கையும் மேற்கையும் பிரித்தது. இரண்டு ஜெர்மனிகளுக்கும் இடையே சுமார் 1,400 கிலோமீட்டர் நீள வேலி வேறு தனியாக இருந்தது.

‘சுவர்’ என்ற சொல்லும் கொஞ்சம் ஏமாற்றும். 3.6 மீட்டர் உயர கான்கிரீட் பலகைகள் மேற்குப் பக்கம் தெரிந்த முகம் மட்டும்தான். அதற்குப் பின்னால் காவல் வண்டிகள் ஓடும் பாதை, காலடித் தடம் பதிவதற்காகச் சீராக வாரிவிட்ட மணல், விளக்குகள், தொட்டால் மணியடிக்கும் வேலி, சுமார் 300 காவல் கோபுரங்கள், கிழக்குப் பக்கம் இன்னொரு சுவர். இடைப்பட்ட நிலத்துக்கு மக்கள் வைத்த பெயர் ‘மரணப் பட்டை’. 1961 முதல் 1989 வரை குறைந்தது 140 பேர் இந்த எல்லையில் உயிரிழந்தார்கள். துப்பாக்கிக் குண்டுக்குப் பலியான கடைசி நபர் கிறிஸ் குவெஃப்ராய். வயது 20. 1989 பிப்ரவரியில், அதாவது கதவு திறப்பதற்கு ஒன்பதே மாதம் முன்பு.

இவ்வளவும் எதற்கு? வெளியிலிருந்து யாரும் உள்ளே வந்துவிடக் கூடாது என்பதற்காக இல்லை. உள்ளே இருப்பவர்கள் வெளியே போய்விடக் கூடாது என்பதற்காக. 1949-க்கும் 1961-க்கும் இடையில் மட்டும் குறைந்தது 27 லட்சம் பேர் கிழக்கை விட்டுப் போயிருந்தார்கள். டாக்டர், இன்ஜினியர், ஆசிரியர் என்று படித்த இளைஞர்கள் அதில் ஏராளம்.

ஒரு டேப், ஒரு தேவாலயக் கோபுரம்

1989-ல் இந்த எல்லை முதலில் ஓட்டை விழுந்தது பெர்லினில் இல்லை, ஹங்கேரியில். மே மாதம் ஹங்கேரி தன் ஆஸ்திரிய எல்லை வேலியை அகற்றத் தொடங்கியது. ஆகஸ்ட் 19 அன்று ஷோப்ரான் நகருக்கு அருகே ‘ஐரோப்பியப் பிக்னிக்’ என்ற பெயரில் ஒரு கூட்டம் நடந்தது. அந்தச் சாக்கில் 600-க்கும் மேற்பட்ட கிழக்கு ஜெர்மானியர்கள் ஆஸ்திரியாவுக்குள் ஓடினார்கள். செப்டம்பர் 11 முதல் ஹங்கேரி எல்லையையே திறந்துவிட்டது. ‘ஊரைவிட்டுப் போகிறோம்’ என்று ஒரு கூட்டம் கிளம்ப, ‘நாங்கள் இங்கேயேதான் இருப்போம், நீங்கள் மாறுங்கள்’ என்று இன்னொரு கூட்டம் தெருவில் இறங்கியது.

அக்டோபர் 9, லைப்சிக் நகரம். சுமார் 70,000 பேர் ஊர்வலம் போனார்கள். சில மாதங்களுக்கு முன்புதான் பெய்ஜிங்கின் தியானன்மென் சதுக்கத்தில் ராணுவம் சுட்டிருந்தது. இங்கேயும் அதே நடக்குமோ என்ற பயம் ஊர் முழுக்க இருந்தது. வெளிநாட்டுப் பத்திரிகையாளர்களுக்கு அனுமதி கிடையாது.

அன்றைக்கு கிழக்கு பெர்லினைச் சேர்ந்த அராம் ராடோம்ஸ்கி, ஸீக்பெர்ட் ஷெஃப்கே என்ற இரண்டு இளைஞர்கள் லைப்சிக் வந்து சேர்ந்தார்கள். ரகசியப் போலீஸான ஸ்டாசி ஷெஃப்கேயின் வீட்டைக் கண்காணித்துக்கொண்டிருந்தது. அவர் கூரை வழியாக ஏறித் தப்பி வந்திருந்தார். தேவாலயம் ஒன்றின் கோபுரத்தில் ஏற பாதிரியார் அனுமதி கொடுக்க, இருவரும் புறா எச்சத்துக்கு நடுவே படுத்துக்கொண்டு வீடியோ எடுத்தார்கள்.

டேப்பை மேற்கு ஜெர்மன் பத்திரிகையான ‘டெர் ஷ்பீகல்’ நிருபர் ஒருவர் மேற்கு பெர்லினுக்குக் கடத்திச் சென்றார். அங்கே அதை வாங்கிக்கொண்டவர் ரோலண்ட் யான் என்ற பத்திரிகையாளர். அவரும் 1983-ல் கிழக்கிலிருந்து வலுக்கட்டாயமாக வெளியேற்றப்பட்டவர்தான். மறுநாள் இரவு மேற்கு ஜெர்மன் செய்தியில் காட்சிகள் ஓடின. எடுத்தவர்களைக் காப்பாற்ற, ‘இத்தாலியக் குழு படம்பிடித்தது’ என்று சொல்லிவிட்டார்கள்.

இதன் பலன் என்ன? கிழக்கு ஜெர்மனியில் பெரும்பாலான வீடுகளில் மேற்கு டிவி தெரியும். ‘லைப்சிக்கில் ஏதோ நடக்குதாமே’ என்ற வதந்தியை அன்று ஜனங்கள் கண்ணால் பார்த்தார்கள். 70,000 பேர் நடக்கிறார்கள், யாரும் சுடவில்லை. அடுத்த வாரம் கூட்டம் இன்னும் பெருகியது. அக்டோபர் 18-ல் கட்சித் தலைவர் எரிக் ஹோனெக்கர் பதவி விலகினார். எகோன் கிரென்ஸ் வந்தார்.

நவம்பர் 9: ஒரு கையெழுத்துத் தாள்

அன்று காலை உள்துறை அதிகாரி கெர்ஹார்ட் லௌட்டரும் இன்னும் மூன்று அதிகாரிகளும் ஒரு பயண விதியை எழுத உட்கார்ந்தார்கள். நிரந்தரமாக நாட்டைவிட்டுப் போக விரும்புபவர்களுக்கான விதி என்பதுதான் அவர்களுக்குச் சொல்லப்பட்டது. ஒரேயடியாகப் போகிறவனுக்கு அனுமதி, போய்விட்டுத் திரும்பி வருகிறேன் என்பவனுக்கு இல்லை என்றால் அபத்தமாக இருக்குமே என்று, தனிப்பட்ட பயணங்களையும் சேர்த்தே எழுதிவிட்டார்கள். விண்ணப்பம் போட வேண்டும், விசா வாங்க வேண்டும். அறிவிப்பு மறுநாள் அதிகாலை 4 மணிக்கு வெளியாக வேண்டும். அவர்கள் போட்ட திட்டம் அதுதான்.

கட்சியின் செய்தித் தொடர்பாளர் கியுண்டர் ஷாபோவ்ஸ்கி, இந்த விதி விவாதிக்கப்பட்டபோது அறையிலேயே இல்லை. மாலைப் பத்திரிகையாளர் சந்திப்புக்குக் கிளம்பும் முன் கிரென்ஸ் தாளைக் கையில் கொடுத்தார். நேரலை 6 மணிக்கு ஆரம்பித்து, ஏறக்குறைய ஒரு மணி நேரம் தூக்கம் வரும் அளவுக்குப் போனது. 6.53-க்கு இத்தாலியச் செய்தி நிறுவனத்தின் ரிக்கார்டோ எர்மான் பயணச் சட்டம் பற்றிக் கேட்டார். ஷாபோவ்ஸ்கி தாள்களைப் புரட்டி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விதியைப் படித்தார். எப்போதிலிருந்து என்று கேள்வி வந்தது. தாளைப் பார்த்தபடி, தனக்குத் தெரிந்தவரை ‘உடனடியாக, தாமதமின்றி’ என்றார்.

அதிகாலை 4 மணி என்ற நிபந்தனை அவருக்குப் போய்ச் சேரவே இல்லை. ஆபீஸில் வேலை பார்க்கும் யாருக்கும் இது புரியும். மீட்டிங்கில் இல்லாத ஆளிடம் கடைசி நிமிடத்தில் ‘இதைக் கொஞ்சம் சொல்லிடுங்க’ என்று கொடுத்தனுப்பிய தாள் அது.

ஷாபோவ்ஸ்கி தனக்காகக் கையால் எழுதி வைத்திருந்த குறிப்புத் தாளும் பிழைத்திருக்கிறது. எதை எந்த வரிசையில் பேசுவது என்ற குறிப்பு. பயண விதி அதில் கடைசிப் பகுதியில்தான் வருகிறது. ‘கடைசியில் தற்செயலாக உளறிவிட்டார்’ என்ற பிரபலமான கதையை இந்தத் தாள் கொஞ்சம் திருத்துகிறது. விதியைப் படிப்பது திட்டத்தில் இருந்தது. ‘எப்போதிலிருந்து’ என்ற கேள்விக்குத்தான் பதில் தயாராக இல்லை.

இந்தத் தாளை 2015-ல் பான் நகரிலுள்ள ‘ஹவுஸ் டெர் கெஷிஷ்டே’ அருங்காட்சியகம் 25,000 யூரோவுக்கு வாங்கியது. அன்றைய மதிப்பில் சுமார் 17 லட்சம் ரூபாய். இடையில் அது எங்கே இருந்தது? எப்போதோ தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்தோம் என்றது ஷாபோவ்ஸ்கியின் குடும்பம். விற்றவர் யார் என்று அருங்காட்சியகம் சொல்ல மறுத்தது. விவகாரம் நீதிமன்றம் வரை போனது. ஒரு நாட்டின் முடிவை ஆரம்பித்துவைத்த தாள் யார் வீட்டு டிராயரிலோ கால் நூற்றாண்டு கிடந்திருக்கிறது. ஷாபோவ்ஸ்கி அதே ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி காலமானார்.

கேள்வி கேட்டது யார் என்பதிலும் சண்டை உண்டு. எர்மானுக்கு 2008-ல் ஜெர்மன் அரசு விருதே கொடுத்தது. ‘எப்போதிலிருந்து என்று கேட்டது நான்’ என்கிறார் ‘பில்ட்’ பத்திரிகையின் பீட்டர் பிரிங்க்மான். வீடியோவில் பல குரல்கள் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன. யார் நினைவு சரி என்று டேப்பை வைத்தும் முழுசாகத் தீர்க்க முடியவில்லை.

கதவு எப்படித் திறந்தது?

7.05-க்கு ‘கிழக்கு ஜெர்மனி எல்லையைத் திறக்கிறது’ என்று ஏபி செய்தி நிறுவனம் அடித்துவிட்டது. 8 மணிச் செய்தியிலும் அதுவே வந்தது. மக்கள் வாயில்களை நோக்கி நடக்க ஆரம்பித்தார்கள். அதிகம் பேர் திரண்டது வடக்கே போர்ன்ஹோல்மர் தெரு வாயிலில், ஏனென்றால் சுற்றிலும் நெருக்கமான குடியிருப்புகள். அங்கே அன்றிரவு பொறுப்பில் இருந்தவர் ஸ்டாசியின் பாஸ்போர்ட் சோதனைப் பிரிவு லெப்டினன்ட் கர்னல் ஹரால்ட் யேகர். கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டே ஷாபோவ்ஸ்கியை டிவியில் பார்த்தவர், சாப்பாட்டை விட்டுவிட்டு மேலதிகாரிக்கு போன் போட்டார். பதில், ‘திருப்பி அனுப்பு’.

போன் மேல் போன். ஒருமுறை மேலதிகாரி, இன்னும் மேலிடத்தில் இருப்பவரோடு பேசும் லைனில் யேகரையும் சத்தமில்லாமல் இணைத்தார். அவர் கேட்டுக்கொண்டிருப்பது தெரியாமல் அந்தப் பெரிய அதிகாரி, இந்த யேகருக்கு நிலைமையை எடைபோடத் தெரியுமா, இல்லை பயந்துவிட்டாரா என்று கேட்டிருக்கிறார். இருபத்தைந்து வருடம் அந்த வேலையில் இருந்தவருக்கு அது சுருக்கென்று தைத்தது. இந்த உரையாடலை இன்று நாம் அறிவது யேகர் சொல்லித்தான்.

சுமார் 9.20-க்கு ஒரு தந்திரம் வந்தது. அதிகமாகச் சத்தம் போடுபவர்களை மட்டும் வெளியே விடு, அழுத்தம் குறையும். ஆனால் அவர்களுடைய அடையாள அட்டையில் புகைப்படத்தின் மேலேயே முத்திரை குத்து. அந்த முத்திரைக்கு அர்த்தம், இவர் இனி திரும்பி வர முடியாது. அட்டைக்குச் சொந்தக்காரருக்கு அது தெரியாது. சொல்லப்போனால், சந்தோஷமாக மேற்கே நடந்துபோனவர்கள் தங்களுக்கே தெரியாமல் குடியுரிமையை இழந்திருந்தார்கள்.

ஒரு இளம் தம்பதி மேற்கே காலடி வைத்துவிட்டு உடனே திரும்பி வந்தார்கள். பிள்ளைகள் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். முத்திரையைப் பார்த்த காவலர்கள், உள்ளே விட முடியாது என்றார்கள். அந்தத் தாய் கதறியதைப் பார்த்த யேகர், அந்த உத்தரவை மீறி அவர்களை உள்ளே விட்டார். அன்றிரவு அவர் மீறிய முதல் விதி இதுதான். பெரிய கதவைத் திறப்பதற்கு முன் இந்தச் சின்னக் கதவு திறந்தது என்பது என் கருத்து. வரலாற்றுப் புத்தகங்கள் இந்தச் சம்பவத்துக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுக்கலாம்.

தந்திரம் எதிர்மாறாக வேலை செய்தது. சிலர் போவதைப் பார்த்த மற்றவர்கள் இன்னும் நெருக்கினார்கள். இதற்கிடையே 10.42-க்கு மேற்கு ஜெர்மன் டிவி, சுவரின் கதவுகள் அகலத் திறந்துவிட்டதாக அறிவித்தது. அந்த நிமிடத்தில் அது உண்மையே இல்லை. ஆனால் அதைக் கேட்டு மேலும் மக்கள் கிளம்ப, சீக்கிரமே உண்மையாகிவிட்டது.

11.30 மணிவாக்கில், நெரிசலில் யாராவது நசுங்கிச் சாவார்கள் அல்லது தன் ஆட்களில் யாராவது சுட்டுவிடுவார்கள் என்ற நிலையில், யேகர் தடுப்பைத் திறக்கச் சொன்னார். நள்ளிரவைத் தாண்டிய சிறிது நேரத்தில் நகரின் மற்ற வாயில்களும் திறந்தன. போர்ன்ஹோல்மர் பாலத்தைக் கடந்த கூட்டத்தில், வழக்கமான வியாழக்கிழமை சாவ்னா குளியலை முடித்துவிட்டு வந்த 35 வயது விஞ்ஞானி ஒருவரும் இருந்தார். பெயர் அங்கெலா மெர்கல்.

முத்திரை குத்திய அந்த அட்டைகளை அன்று யாரும் திருப்பி வாங்கவில்லை. புகைப்படத்தின் மேல் அழுந்திய ஒரு மை வட்டம், அரசு கடைசி நிமிடம் வரை என்ன செய்யப் பார்த்தது என்பதற்கு எழுத்துபூர்வமான சாட்சி.

அரசு கிழித்த தாள்கள்

சுவர் விழுந்த அடுத்த வாரங்களில் ஸ்டாசி அலுவலகங்களில் ராப்பகலாக ஆவணங்கள் அழிக்கப்பட்டன. துண்டாக்கும் இயந்திரங்கள் சூடேறி நின்றுபோக, ஊழியர்கள் கையாலேயே கிழித்தார்கள். புகைபோக்கிகளிலிருந்து புகை வருவதைப் பார்த்த மக்கள் டிசம்பர் 4 அன்று எர்ஃபுர்ட் நகர அலுவலகத்துக்குள் நுழைந்தார்கள். 1990 ஜனவரி 15 அன்று பெர்லின் தலைமையகமும் மக்கள் கைக்கு வந்தது. மிஞ்சிய கோப்புகளை வரிசையாக அடுக்கினால் 111 கிலோமீட்டர். அதோடு கிழித்த துண்டுகள் சுமார் 16,000 மூட்டை. 1995 முதல் அவற்றைக் கையால் ஒட்டத் தொடங்கினார்கள். கணினி வைத்து ஒட்டும் திட்டத்தில் இரண்டு டஜன் மூட்டைகள்கூட முடியவில்லை.

1992 முதல், தன்னைப் பற்றி ஸ்டாசி எழுதிய கோப்பைத் தானே படிக்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் கிடைத்தது. இதுவரை 30 லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்திருக்கின்றன. நண்பன், சக ஊழியர், சில வீடுகளில் கணவனே உளவு சொன்னது தெரியவந்து குடும்பங்கள் உடைந்தன. இந்தக் காப்பகத்துக்கு 2011 முதல் 2021 வரை தலைவராக இருந்தவர் யார் தெரியுமா? லைப்சிக் டேப்பை வாங்கி ஒளிபரப்பச் செய்த அதே ரோலண்ட் யான்.

தனி ஆளின் காப்பகத்தை எவ்வளவு நம்பலாம்?

மறுபடி ஹாகென் கோக்கிடம் வருவோம். 1985-ல் ஸ்டாசியை விட்டு விலகியவர், 1990-ல் சுவரை இடிக்கும் வேலை தொடர்பான அரசுப் பொறுப்பில் இருந்தார். கோடு போட்டவரே கான்கிரீட் பலகைகள் எங்கே போகின்றன என்று பார்த்துக்கொண்டார். சுவரைத் துண்டு போட்டு விற்பது அப்போது பெரிய வியாபாரம். 1990 ஜூனில் மொனாக்கோவில் ஏலமே நடந்தது. எல்லாரும் சுவரை ஒழித்துக்கட்டுவதில் மும்முரமாக இருந்த நேரத்தில், தடயம் இல்லாமல் போய்விடுமே என்று கவலைப்பட்ட மிகச் சிலரில் அவரும் ஒருவர்.

அதற்காக அவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பல வருடம் ஸ்டாசி சம்பளம் வாங்கியவர். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது, வருகிறவர்களுக்கு எந்தப் படத்தை முதலில் காட்டுவது எல்லாம் அவர் முடிவு. ஷாபோவ்ஸ்கி, கிரென்ஸ், யேகர் மூவருக்கும் இது பொருந்தும். அந்த இரவுக்குப் பின் ஒவ்வொருவரும் தன் பங்கை ஒரு மாதிரி சொன்னார்கள். ‘திறந்தது என் அரசு’ என்ற தொனி கிரென்ஸுடையது. ‘என்னைத் தனியாக விட்டுவிட்டார்கள்’ என்பது யேகருடையது. தாள், டேப், முத்திரை மூன்றையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தால் யேகர் கதைக்குத்தான் அதிக ஆதரவு கிடைக்கிறது.

எதையும் நிரூபிக்க நினைக்காமல் எடுக்கப்பட்டவையும் இருக்கின்றன. ‘ஓப்பன் மெமரி பாக்ஸ்’ என்ற திட்டம் கிழக்கு ஜெர்மனியின் 149 குடும்பங்களிடமிருந்து 2,283 வீட்டுப் படச் சுருள்களைச் சேகரித்து, 415 மணி நேரக் காட்சிகளை 2019-ல் இணையத்தில் வைத்தது. எல்லாம் 1947 முதல் 1990 வரை எடுத்தவை. பிறந்தநாள், பால்டிக் கடற்கரை, புது கார், பாட்டியின் தோட்டம். சுவரைத் தேடிப் பார்ப்பவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். அந்த மக்கள் 28 வருடம் அதை வைத்துக்கொண்டுதான் சமைத்தார்கள், கல்யாணம் செய்தார்கள்.

பெர்லின் போனால் எங்கே பார்ப்பது?

வேலை விஷயமாகவோ சுற்றுலாவாகவோ போகிறவர்கள் பெரும்பாலும் செக்பாயின்ட் சார்லியில் செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். அங்கே நிற்கும் காவல் சாவடி நகல்தான். அசல் சாவடி நேச நாடுகள் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. சுவரும் மணலும் கோபுரமும் எப்படி அடுக்காக இருந்தன என்று புரிய வேண்டுமென்றால் பெர்னவர் தெரு நினைவிடம் போகலாம், அனுமதி இலவசம். யேகர் கதவைத் திறந்த இடம் வேண்டுமென்றால் எஸ்-பான் ரயிலில் ஏறி போர்ன்ஹோல்மர் ஷ்ட்ராஸே நிலையத்தில் இறங்குங்கள். பாலம் அப்படியே இருக்கிறது, பக்கத்தில் சுவரின் ஒரு துண்டும் நிற்கிறது. அந்த இடத்துக்கு இன்றைய பெயர் ‘1989 நவம்பர் 9 சதுக்கம்’.